வெடித்ததா, எரிந்ததா? விமான விபத்துப் புலனாய்வில் ஓர் அடிப்படை வினா

ஒரு விமானம் வானில் அழிந்ததென்ற செய்தி வரும்போதெல்லாம் ‘வெடித்துச் சிதறியது’ என்னும் தொடரும் உடன் வந்துவிடுகிறது. கண்டோர் கூற்றாகவும், பத்திரிகைத் தலைப்பாகவும், சில வேளைகளில் அமைச்சர்களின் அறிக்கையாகவும் அது வெளிப்படுகிறது. விபத்துப் புலனாய்வாளரைப் பொறுத்தவரை இத்தொடர் ஒரு முடிபன்று. சோதித்துப் பார்க்கவேண்டிய ஒரு கருதுகோள் மட்டுமே. விமானத்தினுள் மறைத்து வைக்கப்பட்ட குண்டு, எரிபொருள் தாங்கியினுள் ஆவி பற்றியெழுந்த வெடிப்பு, பறப்பின்போது மறைவிடமொன்றில் மெல்லப் பரவிய தீ, உள்ளிருந்த காற்றமுக்கத்தால் உடற்பகுதி பிளந்தமை, நிலத்தில் மோதிய பின்னர் எழுந்த பெருந்தீ ஆகிய ஐந்தும் தொலைவில் நின்று காண்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஆயின் இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதைப் பொறுத்தே பொறுப்பாளி யார் என்பது தீர்மானமாகிறது. குண்டெனின் குற்றவாளி வெளியே இருக்கிறான். ஆவியெனின் விமானத்தை வடிவமைத்த நிறுவனமும், அவ்வடிவமைப்புக்கு அனுமதி வழங்கிய அரசும் பதில் கூறவேண்டியிருக்கும்.

மொழியும் இவ்விடயத்தில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. கோடையில் வயல் வெடிப்பதும், பருத்திக்காய் வெடிப்பதும், குண்டு வெடிப்பதும் தமிழில் ஒரே வினைதான். அன்றாட வழக்குக்கு அது போதும். புலனாய்வுக்கு அது போதாது. ஆகவே எரிதலிலும் வெடித்தலிலும் நிகழ்வது யாதென்பதைச் சற்று வரையறுத்துக்கொண்டு மேற்செல்வோம்.

எரிதல் என்பது எரிபொருள் ஒட்சிசனோடு சேர்ந்து வெப்பத்தை வெளிவிடும் இரசாயனத் தாக்கமாகும். சாதாரணத் தீயில் எரிபொருளும் வளியும் எரியும் இடத்திலேயே கலக்கின்றன. கலக்கும் வேகமே தீயின் வேகத்துக்கு எல்லையாகிறது. ஆகவே திறந்த தீ அமுக்கத்தை அதிகம் உண்டாக்குவதில்லை; வெப்பத்தாலும் புகையாலுமே அது கொல்கிறது. எரிபொருளின் ஆவியும் வளியும் தகுந்த விகிதத்தில் முன்னரே கலந்து ஒரு மூடிய தாங்கியினுள் நிற்குமாயின் நிலைமை வேறு. ஒரு சிறு பொறி போதும். சுவாலை அக்கலவையினூடாக விரைந்தோடும். ஒலியின் வேகத்தை அது எட்டாவிடினும், அடைபட்ட வெளியில் அமுக்கம் தொடக்க அமுக்கத்தின் ஏறத்தாழ எட்டு மடங்கு வரை உயர முடியும். விமானத் தாங்கியின் சுவர்கள் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்கமாட்டா. இதனை விரைதகனம் எனக் குறிப்போம். உயர்வெடிமருந்தின் இயல்பு முற்றிலும் வேறானது. அதற்கு வேண்டிய ஒட்சிசன் அதன் மூலக்கூற்றினுள்ளேயே உள்ளது. தாக்கம் ஓர் அதிர்ச்சி அலையோடு இணைந்து செக்கனுக்கு 7,000 அல்லது 8,000 மீற்றர் வேகத்திற் செல்ல, வளிமண்டல அமுக்கத்தைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு அமுக்கம் கணப்பொழுதுக்குத் தோன்றுகிறது. இதனை மீயொலி வெடிப்பு என்போம். இவற்றுக்குப் புறம்பாக, இரசாயனத் தாக்கம் எதுவுமின்றி, காற்றடைத்த பலூன் கிழிவதுபோல் அமுக்கமூட்டப்பட்ட உடற்பகுதி பிளந்துபோவதும் உண்டு. ஒலியைக் கேட்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. உலோகத்தைப் பார்த்தே அறியவேண்டும்.

தவறான விடை எத்துணை விலையைக் கோரும் என்பதற்குக் கொமெற் விமானத்தின் வரலாறு தக்க சான்றாகும். உலகின் முதலாவது தாரை உந்துவிசைப் பயணிகள் விமானமாகிய அது, 1954 சனவரி 10 ஆம் நாள் உரோமாபுரியிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டு எல்பாத் தீவின் அருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் இறந்தனர். சிதைவுகளிற் பெரும்பகுதி இன்னும் கடலடியிலேயே கிடந்த வேளையில், தீயே பெரும்பாலும் காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். இயந்திரங்களுக்கும் எரிபொருள் தாங்கிகளுக்கும் இடையே காப்புத் தகடுகளைப் பொருத்துதல் முதலான திருத்தங்கள் செய்யப்பட்டன. மார்ச் 23 ஆம் நாள் கொமெற் மீண்டும் பறந்தது. ஏப்பிரில் 8 ஆம் நாள், பதினாறு நாட்களுக்குள், மற்றொரு கொமெற் நேப்பிள்சு அருகே கடலில் வீழ்ந்து 21 பேர் இறந்தனர்.

இதன் பின்னர் சேர் ஆர்னல்ட் ஹோல் தலைமையில் பார்ன்பரோ ஆய்வு நிலையம் மேற்கொண்ட பணி, விபத்துப் புலனாய்வை ஓர் அறிவியற்றுறையாக்கிற்று எனல் மிகையாகாது. எல்பா அருகே மீட்கப்பட்ட உடல்களை ஆராய்ந்த இத்தாலிய நோயியல் மருத்துவர்கள், நுரையீரல்கள் கிழிந்திருந்தமையையும், தீக்காயங்கள் இறப்பின் பின்னரே ஏற்பட்டிருந்தமையையும் கண்டிருந்தனர். முதலிற் சடுதியான அமுக்கவீழ்ச்சி நிகழ்ந்தது, தீ அதன் பின்னரே வந்தது என்பதே இதன் பொருள். பார்ன்பரோவில் முழு விமானமொன்றை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறப்பின்போது உடற்பகுதி அமுக்கமேறி இறங்குவதுபோல் மீண்டும் மீண்டும் நீரமுக்கம் கொடுத்தனர். வானிற் பறந்தனவும் தொட்டியிற் பெற்றனவுமாக 3,057 சுற்றுக்களின் பின் அதன் சுவர் கிழிந்தது. காரணம் உலோகக் களைப்பு. எல்பா அருகே வீழ்ந்த விமானம் 1,290 பறப்புக்களையே கண்டிருந்தது. இறக்கைகளில் எரிபொருள் பற்றியது உண்மையே. ஆனால் உடற்பகுதி பிளந்த பின்னர் நிகழ்ந்த விளைவு அது. தீ அங்கு இருந்தது. அது காரணமன்று. இருந்தது, காரணமானது என்ற இவ்விரண்டையும் வேறுபடுத்துவதே பின்வந்த புலனாய்வுகள் அனைத்திலும் நாம் காணும் மையப் பணியாகும்.

உயர்வெடிமருந்து உலோகத்தில் இடும் கையெழுத்து ஏனையவற்றிலிருந்து எளிதிற் பிரித்தறியத்தக்கது. அலுமினியத் தகடு இழுபட்டு நீண்டு கிழிவதற்கு அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. வெடிப்புக்கு அண்மையிலுள்ள பகுதி சிறுசிறு துண்டுகளாய் நொறுங்குகிறது. அதைச் சூழ்ந்த பகுதி மலரிதழ்போல் வெளிநோக்கி விரிந்து சுருள்கிறது. வெடிப்பை நோக்கிய முகத்தில், வெப்பவாயுவும் நுண்துகள்களும் அறைந்தமையால் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தோன்றுகின்றன. நுணுக்குக்காட்டியில் நோக்கின் அக்குழிகளின் விளிம்புகள் உருகி மடிந்திருப்பதைக் காணலாம். இருக்கைத் துணியின் செயற்கை நூல்கள் நுனியில் உருகிச் சிறு உருண்டைகளாய்த் திரண்டிருக்கும். விரைதகனத்தில் இவற்றுள் எதுவும் காணப்படுவதில்லை. அங்கு அமுக்கம் மெதுவாக, அதாவது ஒரு செக்கனின் நூற்றிலொரு கூறு என்ற அளவில், சுவர் முழுவதையும் ஒருங்கே தள்ளுகிறது. சுவர் புடைத்து, மிகவும் நலிந்த இணைப்பிற் பிரிகிறது.

1988 டிசெம்பர் 21 ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் லொக்கர்பி நகரின் மேல் அழிந்த பான் ஆம் 103 ஆம் இலக்க விமானத்தில் இக்கையெழுத்து முழுமையாக வாசிக்கப்பட்டது. விமானத்தில் இருந்த 259 பேரும் நிலத்தில் 11 பேரும் இறந்தனர். நிலத்திலிருந்து கண்டோர் விவரித்தது பெரும் தீக்கோளம் ஒன்றையே. ஆனால் அத்தீக்கோளம், எரிபொருள் நிறைந்த இறக்கைப் பகுதி குடியிருப்பின்மேல் வீழ்ந்தபோது எழுந்தது. வானில் நிகழ்ந்ததற்கு அது சான்றன்று. விமானத்தின் மூக்குப்பகுதியோ சில மைல்களுக்கு அப்பால், தீயின் சுவடின்றி, புல்வெளியிற் கிடந்தது. உடற்பகுதியின் இடப்பக்கத்தில் ஏறத்தாழ 20 அங்குல அளவான இடமே நொறுங்கியிருந்தது. அதற்கு நேரே இருந்த பொதிப் பெட்டகம் ஒன்றின் தகட்டுமடிப்பில் வானொலிப்பெட்டியின் மின்சுற்றுத் துண்டொன்று சிக்கியிருந்தது. ஒரு பயணப்பெட்டியில் அடங்கிய செம்ரெக்சு வெடிமருந்து அத்துணைப் பெரிய போயிங் 747 விமானத்தை எவ்வாறு அழித்தது? துளையே விமானத்தை வீழ்த்தவில்லை. வெடிப்பின் அமுக்கமும் அமுக்கமூட்டப்பட்ட உடற்பகுதியின் உள்விசையும் சேர்ந்து விரிசல்களைத் தொலைவுக்கு ஓடச்செய்தன. எஞ்சியதைக் காற்றின் விசை செய்தது.

தீயின் கையெழுத்து இதனினும் சிக்கலானது. ஏனெனில் வீழ்ந்த விமானங்களிற் பெரும்பாலானவை நிலத்திலும் எரிகின்றன. வானில் எரிந்ததை நிலத்தில் எரிந்ததிலிருந்து பிரித்தெடுக்கப் புலனாய்வாளர் கையாளும் முறை அதன் எளிமையினால் நம்மைக் கவர்கிறது. உடைந்த இரு துண்டுகளை மீண்டும் பொருத்திப் பார்க்கின்றனர். புகைக்கரி ஒரு துண்டிலிருந்து மற்றதற்குத் தொடர்ச்சியாகச் சென்று, உடைந்த விளிம்பு மட்டும் தூய்மையாயின், தீ முந்தியது, உடைவு பிந்தியது. ஒன்று கருகி மற்றது கருகாதிருப்பின், அல்லது உடைந்த விளிம்பின்மேலேயே கரி படிந்திருப்பின், உடைவே முந்தியது. உருகிய அலுமினியத் துளிகளும் பேசுகின்றன: நிலத்தில் அவை புவியீர்ப்பின் வழியே கீழ்நோக்கி வடியும், பறப்பில் அவை காற்றோட்டத்தின் திசையிற் பின்னோக்கித் தெறித்துப் படியும். நிலத்தில் எழும் எரிபொருட்டீ ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசு வெப்பநிலையுடையது; காற்றோட்டம் ஊதியெழுப்பும் வானத்துத் தீயோ 1,600 பாகையை அண்மிக்கலாம். தகடுகளின் அடிப்பூச்சாகிய நாகக் குரோமேற்று, வெப்பம் ஏற ஏறப் பழுப்பாகிக் கபிலமாகி இறுதியிற் கறுக்கிறது. எனவே சிதைவின் ஒவ்வொரு துண்டும் ஒரு வெப்பமானியாகவும் பயன்படுகிறது. இறந்தோரின் உடலும் சான்று தருகிறது. மூச்சுக்குழாயிற் புகைக்கரியும் இரத்தத்திற் காபனோரொட்சைட்டும் இருப்பின், தீ எழுந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

1998 செத்தெம்பர் 2 ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து செனீவா நோக்கிச் சென்ற சுவிஸ் எயார் 111 ஆம் இலக்க விமானம் கனடாவின் நோவா ஸ்கோசியாக் கரைக்கு அப்பால் வீழ்ந்து 229 பேர் இறந்தனர். விமானிகள் முதலில் உணர்ந்தது ஒரு மணம் மட்டுமே. அதிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இறுதி ஆறு நிமிடங்கள் அளவுக்கு ஒலிப்பதிவுமில்லை. தீ மின்வழிகளைத் தின்றுவிட்டமையாற் பதிகருவிகள் நின்றுபோயின. நீரில் மோதி இலட்சக்கணக்கான துண்டுகளாகிய விமானத்தின் முன்பகுதியைக் கனடியப் புலனாய்வாளர் சட்டமொன்றின்மேல் மீண்டும் கட்டியெழுப்பி, வெப்பத்தின் தடத்தைத் துண்டு துண்டாகப் பின்தொடர்ந்தனர். விமானி அறையின் கூரைக்கு மேலே, மின்வில் பாய்ந்ததால் உருகிய செப்புக் கம்பிகள் கிடைத்தன. தீப்பற்றியது வெப்பக் காவலியின் மெல்லிய உலோகப்பூச்சுடைய பிளாத்திக்கு உறை. 2003 இல் வெளியான அறிக்கை இதனை விரிவாக விளக்குகிறது. நம்மைச் சிந்திக்கவைப்பது யாதெனில், அவ்வுறை அன்றிருந்த எரிதற் சோதனையிற் சித்தியடைந்திருந்தது என்பதே. விதிக்கமைய அமைந்த பொருளே எரிந்தது. ஆகவே குற்றம் பொருளிலிருந்து விதிக்கு நகர்ந்தது.

தீ எங்கே தொடங்கியது என்பது தெரிந்தும் எதனால் என்பது தெரியாது போவதுமுண்டு. 1987 நவம்பர் 28 ஆம் நாள் மொரீசியசு அருகே இந்து சமுத்திரத்தில் வீழ்ந்த தென்னாபிரிக்க விமானத்தில் 159 பேர் இறந்தனர். பயணிகளுக்குப் பின்னாலிருந்த சரக்குப் பகுதியில் தீ எழுந்ததை விசாரணை ஆணைக்குழு நிறுவிற்று. எப்பொருள் பற்றியது என்பதை நிறுவவில்லை. நிறவெறி அரசு ஆயுதத் தடையை மீறி எதையேனும் அதில் ஏற்றிச் சென்றதா என்னும் ஐயம் எழுந்து, 1998 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவரை சென்றது. ஆய்வுகூடத்தில் முடியாத வினா அரசியலில் தொடர்கிறது.

அரசியலில் தொடங்கி ஆய்வுகூடத்தில் முடிந்த எதிர்மாறான நிகழ்ச்சி ஒன்றை இனி நோக்குவோம். 1996 யூலை 17 ஆம் நாள் மாலை, நியூயோர்க்கிலிருந்து பாரிசு நோக்கிப் புறப்பட்ட ரீ.டபிள்யூ.ஏ. 800 ஆம் இலக்க போயிங் 747 விமானம் பன்னிரண்டு நிமிடங்களில் லோங் ஐலண்ட் கரைக்கு அப்பால் வானிற் சிதைந்து 230 பேர் இறந்தனர். ஏவுகணை என்றனர் பலர். குண்டு என்றனர் வேறு சிலர். கூட்டரசுப் புலனாய்வுப் பணியகம் குற்றவியல் விசாரணை தொடங்கிற்று. அது திரட்டிய 736 சாட்சிகளின் கூற்றுக்களுள் 258 இல் வானில் ஓடிய ஒளிக்கீற்றொன்று குறிப்பிடப்பட்டது. இவர்கள் பொய்யுரைத்தனர் என்று கொள்ள எவ்விதக் காரணமும் இல்லை. ஆயின் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். பத்து மைல் தொலைவில் நின்றவர் செவியை அது எட்ட 47 செக்கன் வேண்டும். ஓசை கேட்டுத் தலைநிமிர்ந்தவர் முதல் வெடிப்பைக் கண்டிருக்க முடியாது. மூக்குப்பகுதி பிரிந்து வீழ்ந்தபின், எஞ்சிய உடல் எரிந்தபடி சென்றதையே அவர்கள் கண்டனர் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவுசெய்தது.

இம்முடிவு ஒலியின் கணக்கில் மட்டும் தங்கியிருக்கவில்லை. விமானத்தின் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி கடலிலிருந்து மீட்கப்பட்டது. உயர்வெடிமருந்துக்குரிய குழிகளோ இதழ்விரிவோ எத்துண்டிலும் இல்லை. முதலில் வீழ்ந்தவை இறக்கைகளுக்கு நடுவேயுள்ள மையத் தாங்கியின் முற்பகுதித் துண்டுகள்; பின்னர் வீழ்ந்த மூக்குப்பகுதியில் தீயின் தடமில்லை. அன்று அத்தாங்கியில் ஏறத்தாழ 50 கலன் எரிபொருளே இருந்தது. நிரம்பிய தாங்கியைக் காட்டிலும் வெறுமையான தாங்கி ஆபத்தானது என்பது இல்லத்தில் மண்ணெண்ணெய் கையாளும் எவருக்கும் முதலில் வியப்பளிக்கும். எரிவது திரவமன்று, ஆவியே என்பதை நினைவுகூர்ந்தால் வியப்பு நீங்கும். தாங்கிக்கு நேர்கீழே குளிரூட்டும் பொறிகள் அமைந்திருந்தன. விமானம் தாமதமாகி நிலத்தில் நின்ற நேரத்தில் அவை இயங்கித் தாங்கியைச் சூடாக்கின. ஆவி எரியத்தக்க விகிதத்தை எய்தியது. பொறி எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை. எரிபொருளின் அளவை அறியும் மின்கம்பிகளினூடாக மிகை மின்னழுத்தம் தாங்கியினுள் நுழைந்தமையே மிகவும் சாத்தியமானது என்றது 2000 ஆம் ஆண்டின் அறிக்கை.

இரசாயனச் சுவடு பற்றியும் இங்கு ஒரு வார்த்தை கூறவேண்டும். இவ்விமானத்தின் சில துண்டுகளில் வெடிமருந்துச் சுவடுகள் காணப்பட்டது உண்மை. 1991 வளைகுடாப் போரில் அதே விமானம் படையினரை ஏற்றிச் சென்றிருந்தது. சுவடு ஒரு பொருள் அங்கிருந்ததைக் காட்டும். அது அங்கு வெடித்ததைக் காட்டாது. வெடித்ததற்கு உலோகமும் சாட்சி சொல்லவேண்டும். 2016 மே 19 ஆம் நாள் 66 பேரோடு மத்தியதரைக் கடலில் வீழ்ந்த எகிப்திய எயார்பஸ் விமானத்தைப் பற்றிய பிணக்கு இதனாலேயே எழுந்தது. மனித எச்சங்களில் வெடிமருந்துச் சுவடு கண்டதாக அவ்வாண்டு டிசெம்பரில் எகிப்து அறிவித்தது. விமானம் வீழுமுன் தானாக அனுப்பிய செய்திகளோ விமானி அறைக்கு அருகே புகையைக் குறித்திருந்தன. விமானி அறையில் எழுந்த தீயே மிகவும் சாத்தியமான விளக்கம் என்று 2018 யூலையிற் பிரெஞ்சுப் புலனாய்வு நிலையம் கூறியது. விமானம் எகிப்தினுடையது, அது புறப்பட்ட நிலையமும் அதனைக் கட்டிய தொழிலும் பிரான்சைச் சார்ந்தவை. எவ்விடை எவருக்கு வசதியானது என்பதை வாசகர் ஊகித்தறியலாம். அவ்வசதி தன்னளவில் எவ்விடையையும் பொய்யாக்கிவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மையத் தாங்கியின் வரலாறு 1996 இல் தொடங்கியதன்று. 1963 டிசெம்பர் 8 ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் எல்க்ரன் அருகே மின்னல் தாக்கித் தாங்கியில் ஆவி வெடித்து போயிங் 707 விமானமொன்று வீழ்ந்தது. 81 பேர் இறந்தனர். தாங்கியின் வெற்றிடத்தை எரியாவாயுவால் நிரப்பும் யோசனை அக்காலத்திலேயே முன்வைக்கப்பட்டது. செலவும் நிறையும் காரணமாக அது கைவிடப்பட்டது. 1990 மே 11 ஆம் நாள் மணிலாவில் நிலத்தில் நின்ற போயிங் 737 ஒன்றின் மையத் தாங்கி வெடித்து எண்மர் இறந்தனர். 2001 மார்ச் 3 ஆம் நாள் பாங்கொக் விமான நிலையத்தில் மற்றொரு 737 வெடித்தது. தாய்லாந்துப் பிரதமர் ஏறவிருந்த விமானம் அது; ஆகவே கொலைமுயற்சி என்ற பேச்சு உடனே எழுந்தது. சிதைவை ஆராய்ந்தோர் கண்டதோ மீண்டும் மையத் தாங்கியும், அதன் கீழ் இயங்கிக்கொண்டிருந்த குளிரூட்டும் பொறிகளுமே. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிருவாகம் 2008 யூலையிலேயே பயணிகள் விமானங்களின் இத்தாங்கிகளில் எரியுந்தன்மையைக் குறைக்கவேண்டும் என விதித்தது. இயந்திரத்திலிருந்து எடுக்கும் வளியை நுண்ணிழை மென்சவ்வுகளினூடாகச் செலுத்தி, நைதரசன் மிகுந்த வாயுவைப் பிரித்துத் தாங்கியை நிரப்புவதே இப்போது பெரும்பாலும் கையாளப்படும் முறை. எல்க்ரன் விபத்திலிருந்து அவ்விதிவரை சென்ற காலம் ஏறத்தாழ 45 ஆண்டுகள்.